பல்லைப் பார்த்து மாடு... ஆர்.சி புக்கைப் பார்த்து கார்!

வாசகர் கேள்வி - பதில்

செஞ்சி வட்டாரத்திலிருந்து 24 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கார் ஓட்டும் லைசென்ஸ் வாங்கி 2 மாதம்தான் ஆகிறது. அப்பாவுக்கு இதயத்தில் கோளாறு. மாதம் ஒருமுறை புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். செஞ்சிக்கு ரயில் இல்லை. திண்டிவனம் போய் பஸ் மாறினால் அப்பாவால் நிற்க முடியவில்லை. வாடகைக் கார் வைத்தால் ஒரு நடைக்கு 3,500 ரூபாய் ஆகிறது. மணிலாவும் நெல்லும் விற்ற பணம் 2,50,000 ரூபாய் கையில் இருக்கிறது. இதற்குள் ஒரு பழைய கார் வாங்கலாம் என்று வீட்டில் முடிவு.

பார்த்துவைத்த கார்கள் இரண்டு. ஒன்று, சென்னையில் வேலை செய்யும் அண்ணன் சொன்ன 7 பேர் உட்காரும் டீசல் வண்டி. வயது 12. விலை 4,00,000. ‘பெரிய வண்டி, குடும்பமே போகலாம், டீசல் என்பதால் செலவு குறைவு’ என்கிறார் அண்ணன். குறையும் தொகைக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. இன்னொன்று, உள்ளூர்க்காரர் ஒருவரின் சிறிய பெட்ரோல் கார். வயது 9. ஒரே கையில் இருந்த வண்டி. விலை 2,10,000. இன்ஷூரன்ஸ் மட்டும் முடிந்துபோயிருக்கிறது. எதை வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் கேள்வி.

பணம் வெள்ளாமைப் பணம். கார் சரியில்லை என்றால் அடுத்த போகத்துக்கு விதைக்கும் உரத்துக்கும் கைமாற்று வாங்க வேண்டியிருக்கும். அதனால் வண்டியைப் பார்ப்பதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

கார் தேவையா? முதலில் கணக்கு

மருத்துவமனைக்கு மட்டும்தான் கார் என்றால், ஆண்டுக்கு 12 நடை. போக வர 140 கிலோமீட்டர் என்று வைத்தால் 1,680 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் வண்டி, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால் எரிபொருளுக்கு ஏறத்தாழ 9,300 ரூபாய். கட்டாய இன்ஷூரன்ஸுக்கு ஏறத்தாழ 3,000. சர்வீஸ், டயர், பேட்டரிக்கு என்று ஆண்டுக்கு 10,000 ஒதுக்க வேண்டும். மொத்தம் 22,300 ரூபாய். வாடகைக் காருக்கு ஆவது 42,000. பார்த்தால் சொந்தக் கார் லாபம்போலத் தெரியும்.

இங்கே பலரும் மறந்துபோகும் ஒரு விஷயம் உண்டு. கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்துக்கு 2023-ல் வெளியான விதிமுறையில், சொந்தப் பயன்பாட்டுக்கு கார், ஜீப், டிராக்டர் போன்ற நான்கு சக்கர வாகனம் வைத்திருக்கும் குடும்பங்கள் தகுதியற்றவை என்று இருக்கிறது. அம்மாவுக்கு மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தால், ஆண்டுக்கு 12,000 ரூபாய் நின்றுபோகலாம். அதையும் சேர்த்தால் சொந்தக் காரின் செலவு 34,300. மிச்சம் 7,700 ரூபாய்தான். அதற்காக 2 லட்சத்துக்கு மேல் முடக்குகிறோமா என்பதைக் குடும்பம் யோசிக்க வேண்டும். கார் பழசாகப் பழசாக விலை இறங்கும் என்பதும் கணக்கில் சேர வேண்டியது.

ஆனால், எல்லாவற்றையும் ரூபாயால் அளக்க முடியாது. இதய நோய் உள்ளவருக்கு நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் 108-ஐத்தான் முதலில் அழைக்க வேண்டும் என்றாலும், வாசலில் ஒரு வண்டி நிற்பது வீட்டுக்குத் தைரியம். மருத்துவமனை தவிர செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், விதைக் கடை, உறவினர் வீட்டு விசேஷம் என்று ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் வரை ஓடும் என்றால் கார் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. அப்போது எரிபொருள் 33,000, இன்ஷூரன்ஸ் 3,000, பராமரிப்பு 12,000 என்று ஆண்டுக்கு 48,000 ரூபாய் ஆகும். மாதம் 4,000. இந்தத் தொகை வெள்ளாமை பொய்த்த ஆண்டிலும் வீட்டில் இருக்குமா என்பதே முதல் கேள்வி. இருக்கும் என்றால் மேலே படிக்கலாம்.

டீசல் வண்டி ஏன் வேண்டாம்?

அண்ணன் சொல்லும் கணக்கு அதிகம் ஓடுகிறவர்களுக்குச் சரி. தினமும் 50, 60 கிலோமீட்டர் ஓடினால்தான் டீசலின் சிக்கனம் கைக்கு வரும். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டருக்கு அது உதவாது. பழைய டீசல் இன்ஜினில் இன்ஜெக்டர், டர்போ போன்றவை போனால் ஒரே செலவில் ஒரு போகத்து லாபம் கரைந்துவிடும்.

இரண்டாவது, வயது. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. 12 வயது வண்டி வாங்கினால் 3 ஆண்டுகளில் இந்த வாசலில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, 7 பேர் உட்காரும் டீசல் வண்டிகளில் பல, டாக்ஸியாக ஓடி பிறகு சொந்த வண்டியாக மாற்றப்பட்டவை. டி-போர்டு வண்டியை ஓன் போர்டாக மாற்றுவது சட்டப்படி சரியான காரியம்தான். ஆனால், டாக்ஸி ஆண்டுக்கு 50,000 கிலோமீட்டர்கூட ஓடியிருக்கும். மீட்டரில் 80,000 என்று காட்டினால் நம்பிவிடக் கூடாது. ஆர்.சி-யில் வண்டி வகை முன்பு என்னவாக இருந்தது, எத்தனை கை மாறியது என்று கேட்க வேண்டும். நம்பர் பிளேட் வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக வண்டி வீட்டு வண்டியாகிவிடாது.

நான்காவது, ஓட்டுபவர். புதிதாக லைசென்ஸ் வாங்கியவருக்கு நீளமான வண்டியின் பின்பக்கம் எங்கே முடிகிறது என்ற கணிப்பு வர நாளாகும். செஞ்சியில் காந்தி பஜார் நெரிசலிலும் கிராமத்துச் சந்திலும் திருப்ப, சிறிய வண்டியே தோது.

கடன் வாங்கும் யோசனையில் ஒரு கண்ணி

குறையும் தொகை 2,00,000 என்று வைத்துக்கொள்வோம். ‘14 சதவிகித வட்டி, 3 வருஷம்’ என்று இரண்டு இடத்தில் சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல. கட்டக் கட்டக் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் மாதத் தவணை ஏறத்தாழ 6,840 ரூபாய். மொத்த வட்டி 46,000 சொச்சம். அதையே ‘ஃபிளாட்’ என்று போட்டால், 3 ஆண்டும் முழு 2 லட்சத்துக்கும் வட்டி ஓடும். வட்டி மட்டும் 84,000. மாதத் தவணை 7,889. சதவிகிதம் ஒன்றுதான், வித்தியாசம் 38,000 ரூபாய். அதனால் சதவிகிதத்தைக் கேட்காமல், ‘மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு கட்டுவேன்’ என்று மூன்றையும் எழுதி வாங்க வேண்டும்.

பயிர்க்கடனாக நகை வைத்து, அந்தப் பணத்தில் கார் வாங்குவது இன்னும் தவறு. அந்த நகை உரம் வாங்கவும் மோட்டார் காயில் எரிந்தால் கட்டவும் இருக்கிற கடைசிக் கை. காருக்கு வைத்துவிட்டால் அவசரத்துக்கு வைக்க எதுவும் இருக்காது. கையில் இருக்கும் 2,50,000 ரூபாயில் காருக்கு 2,00,000 அல்லது 2,10,000. மீதி 40,000 வாங்கிய பிறகு வரும் செலவுக்கு. இந்த எல்லைக்குள் நிற்பதே வாசகியின் குடும்பத்துக்குப் பொருத்தம். ஆகவே, டீசல் வண்டியை விட்டுவிட்டு உள்ளூர்க்காரரின் பெட்ரோல் காரைப் பார்ப்போம். அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட முடியாது.

வண்டிக்கு முன் காகிதம்

மாட்டுச் சந்தையில் கொம்பையும் நிறத்தையும் பார்த்து எந்த விவசாயியும் பணத்தை எடுப்பதில்லை. வாயைத் திறந்து பல் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். காருக்குப் பல், ஆர்.சி புக். நம்பர் மட்டும் இருந்தால் போதும், மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்திலோ எம்-பரிவாஹன் செயலியிலோ வண்டி பதிவான தேதி, இன்ஷூரன்ஸ் முடியும் தேதி, புகைச் சான்று, கடன் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்கலாம். போலீஸ் போட்ட அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதை இ-சலான் பக்கத்தில் பார்க்கலாம்.

ஆர்.சி-யில் உள்ள இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளவையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். விற்பவரின் பெயரும் ஆர்.சி-யில் உள்ள பெயரும் ஒன்றா என்று ஆதார் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ‘மச்சான் வண்டி, அவர் வெளியூரில் இருக்கிறார்’ என்றால், மச்சான் வரும்வரை காத்திருப்பதே நல்லது. ஃபைனான்ஸில் வாங்கிய வண்டி என்றால் ஹெச்.பி ரத்தாகியிருக்க வேண்டும். கடன் கொடுத்தவர்கள் தரும் என்.ஓ.சி-யும் படிவம் 35-ம் அதற்கு அத்தாட்சி. ‘கடனை நான் கட்டிவிடுகிறேன், நீங்கள் பணத்தைக் கொடுங்கள்’ என்று சொன்னால், பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போக வேண்டும்.

அடுத்தது பெயர் மாற்றம். கார் கன்சல்டிங்குகளிலும் புரோக்கர்களிடமும் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவம் கைமாறுவதைப் பார்க்கலாம். இது விற்பவருக்கும் ஆபத்து, வாங்குபவருக்கும் ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50-ன்படி விற்றவர் 14 நாளுக்குள் தகவல் தர வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 என்பவை இதற்கானவை. பல கைகள் மாறியும் ஆர்.சி மாறாத ஒரு கார் விபத்து ஏற்படுத்திய வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈடு அவர் பொறுப்பு என்பது தீர்ப்பு. வண்டியை விற்றுப் பல வருடம் ஆனவர்கூட இப்படி மாட்டலாம். விவசாயி தன் பழைய காரை விற்கும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான அரசுக் கட்டணம் பெரிய தொகை இல்லை. கொஞ்சம் பணத்தைப் பெயர் மாற்றம் முடிந்த பிறகு தருவதாக எழுதிக்கொள்வது நல்ல பழக்கம்.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. உள்ளூர்க்காரரின் காரில் உள்ள பெரிய குறை இதுதான். பாலிசி முடிந்த வண்டியை ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம். அது சின்ன விஷயம். ஒருவர் மேல் மோதிவிட்டால் கோர்ட் சொல்லும் நஷ்டஈடு முழுவதும் வண்டிக்காரர் தலையில் விழும். அதைக் கட்ட நிலத்தைத்தான் விற்க வேண்டிவரும். ஆகவே, ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே விற்பவரை பாலிசி போடச் சொல்ல வேண்டும். அந்தச் செலவை விலையில் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம்.

மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 சிசி வரையிலான சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய். வரியும், ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் தனி. கார் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு லைசென்ஸ் இருந்தால்தான் இந்த விபத்துக் காப்பீடு பொருந்தும். அப்பா பெயரில் வாங்கி மகள் ஓட்டினால் இது மகளுக்குக் கிடைக்காது. அதனால் மகள் பெயரிலேயே பதிவு செய்வது மேல்.

பெயர் மாறியதும் 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து பாலிசியையும் மாற்ற வேண்டும். பழையவர் சேர்த்துவைத்த ‘நோ கிளெய்ம் போனஸ்’ தள்ளுபடி வண்டியோடு வராது, அது அவருடையது.

வண்டியைப் பார்க்கும் நாள்

காலையில் போங்கள். மழை நாளிலும் இருட்டிலும் வேண்டாம். நனைந்த வண்டியில் கீறலும் பட்டி பார்த்த இடமும் தெரியாது. இன்ஜின் சூடாக இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகாத வண்டியை முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கலாம்.

சாவி போட்டதும் டேஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால், ஏர்பேக் வெடித்துப்போய் விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். ஆயில் மூடியின் அடியில் மோர் போல வெண்மையாகப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். இரண்டும் பெரிய செலவு.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் உள்ள ஒரு கட்டம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் 6, 7 வருட டயர் வெடிப்பு விட்டிருக்கும். பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஓட்டக் கூடாது. ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் முன்பக்க அமைப்பில் கோளாறு, அல்லது வண்டி அடிபட்டு நிமிர்த்தப்பட்டது. நான்கு டயர் மாற்றினாலே 15,000 ரூபாயைத் தாண்டலாம். விலை பேசும்போது இதைச் சொல்லிக் குறைக்கலாம்.

விழுப்புரம் மாவட்டத்தில் வாங்குபவர்கள் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாவட்டத்தில் பல இடங்களில் வண்டிகள் மூழ்கின. சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நின்ற கார்களும் ஊர் ஊராகப் போய் விற்பனையாகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை நிற்கும். ஸ்டெப்னி இருக்கும் குழியிலும் தரைவிரிப்புக்கு அடியிலும் சீட் தண்டவாளத்திலும் துருவும் வண்டலும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஓட்டிப் பார்ப்பது. திருவண்ணாமலைச் சாலையில் கோட்டை மலைகளுக்கு நடுவே போய் வந்தால் வளைவும் நேர்ச்சாலையும் கிடைக்கும். விடுமுறை நாளில் வேண்டாம். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, அந்த நாட்களில் சுற்றுலா வண்டிகள் நிற்கும். நேர்ச்சாலையில் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கிறதா? பிரேக் போட்டால் ஒருபுறம் போகிறதா? ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. மேடு பள்ளத்தில் கட கட என்றால் புஷ், சஸ்பென்ஷன். புதிதாக ஓட்டுபவருக்கு இதெல்லாம் ஒரே நேரத்தில் புலப்படாது. அதனால் விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்துக் கூட்டிப்போக வேண்டும். 1,000 ரூபாய் கூலி 30,000 ரூபாய் செலவைத் தடுக்கும்.

பாதுகாப்பு என்றால் என்ன பார்ப்பது?

சிறிய பழைய கார் மலிவு. ஆனால், பழைய கார்களில் பாதுகாப்பு குறைவு என்பதையும் மறைக்கக் கூடாது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்ற ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ, நானோ ஆகிய 5 கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மோதவிட்டுச் சோதித்தது. ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ஜியம்தான் கிடைத்தது.

அதற்குப் பிறகு சட்டம் இறுகியது. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ் பிரேக், 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக், பின்னால் வரும்போது எச்சரிக்கும் சென்சார் கட்டாயமாகின. ஆகவே பணம் கொஞ்சம் கூடினாலும் 2019 ஜூலைக்குப் பிறகு செய்த சின்ன பெட்ரோல் கார் கிடைத்தால் அதையே எடுக்கலாம். அது முடியாவிட்டால், பழைய மாடல்களிலேயே ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்-ஸும் உள்ள உயர்வகையைத் தேடலாம். உள்ளூர்க்காரரின் கார் அந்த வகையா என்று வாசகி கேட்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் நெடுஞ்சாலையில் மாதந்தோறும் 140 கிலோமீட்டர் போகும் வண்டியாக அது வேண்டாம்.

எந்த கம்பெனி என்பதைவிட, செஞ்சியிலோ திண்டிவனத்திலோ அதன் ஸ்பேர் கிடைக்குமா என்பது முக்கியம். இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்ட கம்பெனிகளின் கார்கள் நன்றாக இருந்தும் விலை இறங்கிக் கிடைக்கும். அப்படி ஒன்றை வாங்குமுன் பக்கத்து மெக்கானிக்கிடம், ‘பிரேக் பேட், கிளட்ச் பிளேட், ஹெட்லைட் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும்’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கிய பிறகு முதல் மூன்று மாதம்

லைசென்ஸ் என்பது ஓட்டத் தெரியும் என்பதற்கான சான்று. ஓட்டிப் பழகியதற்கான சான்று அல்ல. முதல் மாதம் அறுவடை முடிந்த களத்திலோ வெறும் மைதானத்திலோ ரிவர்ஸ் எடுக்கவும் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கவும் பழகலாம். இரண்டாவது மாதம் அனுபவமுள்ளவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திண்டிவனம் வரை. அதன்பின்தான் அப்பாவுடன் புதுச்சேரி. அமாவாசையன்று மேல்மலையனூர்ப் பக்கமும் பௌர்ணமியன்று திருவண்ணாமலைப் பக்கமும் புதியவர்கள் ஓட்ட வேண்டாம்.

கிராமத்துச் சாலைக்கே உரிய ஆபத்துகள் இரண்டு. ஒன்று, சுவர் இல்லாத கிணறு. 2025 மே மாதம் தூத்துக்குடி மாவட்டம் மீரான்குளத்தில் ஆம்னி வேன் ஒன்று சாலையோரக் கிணற்றில் விழுந்து 5 பேர் இறந்தார்கள். தன் நிலத்துக் கிணறு சாலையோரம் இருந்தால் அதற்குத் தடுப்புச் சுவர் கட்டுவது விவசாயியின் வேலை. கிணறு இருக்கும் பக்கம் ரிவர்ஸ் எடுக்காமல் இருப்பது ஓட்டுபவரின் வேலை. இரண்டு, சாலையில் காயவைக்கும் கதிரும் தாளும். காய்ந்த தாள் வண்டியின் அடியில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்ஸரில் பட்டால் தீப்பிடிக்கும். அதன்மேல் ஏற்ற வேண்டிவந்தால், தாண்டியதும் நிறுத்திக் குனிந்து பார்த்து உருவி எறிய வேண்டும்.

வாசகியின் கேள்விக்குச் சுருக்கமான பதில் இதுதான். டீசல் வண்டி வேண்டாம். உள்ளூர்க்காரரின் காரில் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்-ஸும் இருந்து, ஆர்.சி சுத்தமாக இருந்து, வெளி மெக்கானிக் சரி என்று சொன்னால், விற்பவர் இன்ஷூரன்ஸ் போட்டுத் தந்த பிறகு வாங்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த மாதமும் வாடகைக் காரிலேயே போய்வரலாம். 3,500 ரூபாயோடு போகும்.

இதே விஷயத்தில் வந்த மற்ற கேள்விகள்

திண்டிவனம் பக்கத்து வாசகர்: புதுச்சேரிப் பதிவு வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

விலைக் குறைவில் பாதி வரிக் குறைவு. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். அங்கே பதிவான வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு அங்கிருந்து என்.ஓ.சி (படிவம் 28) வாங்க வேண்டும், வண்டியின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இந்த வரி எவ்வளவு என்று கேட்டு, அதை விலையோடு கூட்டிப் பார்த்தால் மலிவா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மேல்மலையனூர் பக்கத்து வாசகர்: காருக்குப் பதில் பழைய குட்டி யானை வாங்கினால் மூட்டையும் ஏற்றலாம், குடும்பமும் போகலாம் இல்லையா? கார் லைசென்ஸ் போதுமா?

லைசென்ஸ் போதும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால், சரக்கு வண்டிக்கு 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி காட்ட வேண்டும். பின்னால் ஆளை ஏற்றிப் போவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கிடைப்பதும் சிக்கல். மூட்டைக்கு வாங்கலாம், குடும்பத்துக்கு அல்ல.

செஞ்சி வாசகர்: பையனுக்கு 16 வயது. நிலத்தில் டிராக்டர் ஓட்டுகிறான். கார் வாங்கினால் கடைத்தெரு வரை ஓட்டச் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. 18 வயதுக்கு முன் சாலையில் காரோ டிராக்டரோ ஓட்டினால், 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. கடைத்தெரு வரைக்கும் சைக்கிள் போதும்.